கோபத்துல போட்ட மிளகாய்ப்பொடி: ஒரு கோழிக்கடையின் கதை

வறுத்த கோழின்னு சொன்னதும் நம்மில் பலபேருக்கு ஞாபகம் வர்றது வெள்ளைத் தாடி வச்ச கர்னல் தாத்தாதான். அந்தத் தாத்தா கடை போட்டது கென்டக்கி மாநிலத்துல, 1930களில். கிட்டத்தட்ட அதே காலத்துல பக்கத்து மாநிலத்துல இன்னொரு கோழிக்கடை பிறந்துச்சு. அதுக்கு தாத்தா படம் போட்ட வாளி கிடையாது, டிவி விளம்பரம் கிடையாது, பங்குச்சந்தையில பேர் கிடையாது. ஒரே ஒரு குடும்பம், கொஞ்சம் இரும்புச் சட்டி, நிறைய மிளகாய்ப்பொடி. அம்புட்டுதான்.

கடை பேரு பிரின்ஸஸ் ஹாட் சிக்கன் ஷேக். ஊரு டென்னசி மாநிலத் தலைநகரம் நாஷ்வில். இன்னைக்கு உலகம் பூரா 'நாஷ்வில் ஹாட் சிக்கன்'னு விக்கிறாங்களே, அது அத்தனைக்கும் மூலம் இந்தக் கடைதான். சாப்பாட்டு வரலாறு படிக்கிறது எனக்கு ஒரு வியாதி. அதுல இந்தக் கடையோட கதை மாதிரி என்னை யோசிக்க வச்ச கதை ரொம்பக் கம்மி. கொஞ்சம் நீளமான பதிவு, டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க :-)

ஆரம்பமே வில்லங்கம்

தார்ன்டன் பிரின்ஸ்னு ஒரு கறுப்பினத்தவர். ஆள் நல்ல உயரம், பார்க்க அழகன், பெண்கள் விஷயத்துல கொஞ்சம் அப்படி இப்படி. ஒரு சனிக்கிழமை ராத்திரி ஊரெல்லாம் சுத்திட்டு விடியற நேரத்துல வீட்டுக்கு வர்றார். கூட வாழ்ந்த பெண்மணி சண்டை போடலை, தட்டை எறியலை. காலைச் சாப்பாட்டுக்கு கோழி வறுக்கிறாங்க. அதுல வீட்டுல இருந்த காய்ஞ்ச மிளகாய்ப்பொடி மொத்தத்தையும் கொட்டி எடுத்துட்டு வந்து முன்னாடி வைக்கிறாங்க. சாப்பிடுடா மகனே!

பழிவாங்கல் திட்டம் புஸ்ஸாயிடுச்சு. நம்மாளு ரசிச்சு சாப்பிட்டது மட்டுமில்லாம, சகோதரர்களுக்கும் கொடுத்து, எல்லாரும் சேர்ந்து கடையே போட்டுட்டாங்க. பேரு 'பார்பிக்யூ சிக்கன் ஷேக்'. குடும்பத்துல சொல்ற கணக்குப்படி இது 1930களின் நடுவில்.

உணவுப் பத்திரிகை, டிவி, எங்க பார்த்தாலும் இந்தக் கதையைச் சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அந்தப் பெண்மணிக்குப் பேர் இல்லை. கோழியை வறுத்தது அவங்க, மிளகாயைப் போட்டது அவங்க, ஆனா கதையில அவங்க வெறும் 'கோபக்காரக் காதலி'. ரேச்சல் லூயிஸ் மார்ட்டின்னு ஒரு வரலாற்றாசிரியர் இந்தக் கோழியைப் பத்தியே 2021ல் ஒரு புத்தகம் போட்டிருக்கார். பழைய ஆவணங்களைத் தோண்டி தார்ன்டனோட குடும்பத்தையும் அவர் வாழ்ந்த தெருக்களையும் தேடிப் போகிற புத்தகம். அந்தப் பெண் யாருன்னு அடிச்சுச் சொல்ல ஆவணம் கிடைக்கலை. இதை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில வர்றேன்.

இன்னொரு சமாச்சாரம். அந்த மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். நமக்கு அதை போர்ச்சுகீசியர் கொண்டு வர்ற வரைக்கும் காரத்துக்கு மிளகுதான். மிளகாய்ங்கிற பேர்லயே மிளகு ஒளிஞ்சிட்டிருக்கு பாருங்க. அதனால நாஷ்வில்காரங்க காரத்துல நமக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்.

இது என்ன கோழி?

கோழித் துண்டை மசாலா, மாவுல புரட்டி வார்ப்பிரும்புச் சட்டியில நிதானமா வறுக்கிறாங்க. அது வரைக்கும் அமெரிக்கத் தென்மாநிலங்கள்ல எல்லா வீட்டுலயும் நடக்கிற வேலைதான். வித்தியாசம் அதுக்கப்புறம். மிளகாய்ப்பொடியையும் மத்த பொடிகளையும் கொழுப்புல குழைச்சு, வெந்த கோழி மேல பூசுறாங்க. ரெண்டு வெள்ளை ரொட்டித் துண்டு மேல வச்சு, வினிகர்ல ஊறின வெள்ளரிக்காய் வில்லையைச் செருகித் தருவாங்க. அடியில இருக்கிற ரொட்டி அந்தச் சிவப்பு எண்ணெயைக் குடிச்சு ஊறிப் போயிருக்கும். ஆபீஸ் வேலையா ஒரு தடவை நாஷ்வில் போனப்ப சாப்பிட்டேன். கோழியை விட அந்த ரொட்டிதான் எனக்கு நாக்குலயே நிக்குது. (மீடியம் காரம்தான் வாங்கினேன். ஆந்திரா நண்பன் ஒருத்தன் அதுக்கு மேல ரெண்டு படி ஏறிட்டு பத்து நிமிஷம் பேசவே இல்லை. ஹி ஹி.)

வெள்ளைக்காரங்களுக்குப் பின்கட்டு

முதல் கடை இருந்தது ஜெஃபர்சன் தெருப் பக்கம். ஃபிஸ்க் பல்கலைக்கழகம், மெஹாரி மருத்துவக் கல்லூரி, டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகம்னு கறுப்பின மக்களோட பெரிய கல்வி நிறுவனங்கள் எல்லாம் அந்த வட்டாரத்துலதான். பாட்டுக் கிளப்புகளும் ஜாஸ்தி. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் உலகப் புகழ் அடையறதுக்கு முன்னாடி 1960களின் தொடக்கத்துல அந்தத் தெருக் கிளப்புலதான் கிடார் வாசிச்சிட்டிருந்தார்.

பிரின்ஸ் சகோதரர்களுக்கு பகல்ல வேற வேலை இருந்துச்சு. அதனால கடை ராத்திரிக் கடை. பின்னாடி கடை ஊருக்கு நடுவுல இருக்கிற ரைமன் அரங்கத்துக்குப் பக்கமா மாறுச்சு. கிராண்ட் ஓல் ஆப்ரி என்கிற புகழ்பெற்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சி 1943லிருந்து 1974 வரைக்கும் அந்த அரங்கத்துலதான் நடந்துச்சு. கச்சேரி முடிஞ்சு பாடகர்கள் வெளிய வர்ற நேரத்துல ஊர்ல மத்த கடையெல்லாம் சாத்தியிருக்கும். இந்தக் கடையில அடுப்பு எரிஞ்சிட்டிருக்கும். ஜார்ஜ் மார்கன்ங்கிற பாடகர் இந்தக் கோழிக்கு அடிமையாகி மத்தவங்களையும் கூட்டிட்டு வர ஆரம்பிச்சார்.

ஆனா அது இனப் பிரிவினைச் சட்டக் காலம். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடக் கூடாது. ஊர்ல பெரும்பாலான இடங்கள்ல கறுப்பினத்தவங்க பின்வாசல் வழியா வரணும், பொட்டலம் வாங்கிட்டுப் போகணும். பிரின்ஸ் கடையில அது அப்படியே உல்டா. முன்னாடி கூடம் கறுப்பினத்தவங்களுக்கு. வெள்ளைக்காரங்க, ரேடியோ ஸ்டாரா இருந்தாலும் சரி, பின்னாடி தனி அறைக்குப் போய் உக்காரணும்.

இதோட கனம் புரியணும்னா அதே ஊர்ல நடந்த இன்னொரு விஷயத்தைச் சொல்லணும். 1960 பிப்ரவரியில ஃபிஸ்க், டென்னசி ஸ்டேட் மாதிரி கல்லூரி மாணவர்கள், ஊருக்கு நடுவுல இருந்த பெரிய கடைகளோட சாப்பாட்டுக் கவுன்ட்டர்ல போய் உக்காந்தாங்க. உக்காந்தாங்க, அவ்வளவுதான். அதுக்கே அடி, உதை, சிகரெட்டால சூடு, ஜெயில். ஏப்ரல் 19ஆம் தேதி அவங்களுக்காக வாதாடின வக்கீல் அலெக்சாண்டர் லூபி வீட்டுல குண்டு வெடிச்சுச்சு. அன்னைக்கே ஆயிரக்கணக்கான பேர் மேயர் அலுவலகத்துக்கு ஊர்வலமா போனாங்க. டயான் நாஷ்ங்கிற மாணவி மேயர் பென் வெஸ்ட்டை நேருக்கு நேரா கேள்வி கேட்டு, பிரிவினை தப்புதான்னு ஒத்துக்க வச்சாங்க. மே 10ஆம் தேதி அந்தக் கவுன்ட்டர்கள் எல்லாருக்கும் திறந்துச்சு.

ஒரு ஸ்டூல்ல உக்கார இவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்த ஊர்ல, ஒரு கறுப்பினக் குடும்பம் தன் கடையில யார் எங்க உக்காரணும்னு தானே முடிவு பண்ணுச்சு. சட்டத்தை மீறலை. ஆனா சட்டத்தைத் தலைகீழாப் பிடிச்சுக் காட்டிட்டாங்க.

கடை ஏன் இடம் மாறிக்கிட்டே இருந்துச்சு?

இந்தக் கடையோட முகவரிப் பட்டியலைப் பார்த்தா, என்னடா ஓடிக்கிட்டே இருக்காங்கன்னு தோணும். முதலாளிக்கு ராசியில்லை போலன்னு நினைக்காதீங்க. அவங்க இருந்த ஊரையே பிச்சுப் போட்டுட்டாங்க.

மாநிலச் சட்டசபைக் கட்டடத்தைச் சுத்தி 'ஹெல்ஸ் ஹாஃப் ஏக்கர்'னு கறுப்பின மக்கள் அதிகமா வாழ்ந்த பகுதி ஒண்ணு இருந்துச்சு. 1949ல் வந்த கூட்டரசு வீட்டுவசதிச் சட்டத்துப் பணத்தை வச்சு, நகரச் சீரமைப்புங்கிற பேர்ல 1950களில் அதை இடிச்சுத் தள்ளினாங்க. அங்க இப்ப அகலமான சாலையும் அரசாங்கக் கட்டடங்களும்.

அடுத்தது ஜெஃபர்சன் தெரு. 40ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை அந்த வட்டாரத்தைக் கிழிச்சுக்கிட்டு போற மாதிரி வரைஞ்சாங்க. அங்கிருந்தவங்க சும்மா இருக்கலை. 1967ல் கமிட்டி அமைச்சு கோர்ட்டுக்குப் போனாங்க. தோத்தாங்க. 1968ல் உச்ச நீதிமன்றமும் கேசை எடுத்துக்க மாட்டேன்னுடுச்சு. சுமார் 620 வீடு, 27 அடுக்குமாடிக் குடியிருப்பு, 6 தேவாலயம் போச்சு. சுமார் 50 தெரு முட்டுச்சந்து ஆயிடுச்சு. கடைக்கு நடந்து வர்ற வாடிக்கையாளரும், கிளப்பு முடிஞ்சு பசியோட வர்ற கூட்டமும் எங்க இருந்து வரும் சொல்லுங்க?

அந்தத் தெருவில இருந்த எத்தனையோ கடைகள் திரும்ப எழுந்திருக்கவே இல்லை. ஊர்ல பொதுவா 'எங்க தாத்தா காலத்து ஓட்டல், அதே இடம், அதே மேஜை'ன்னு பெருமை பேசுவாங்க. பிரின்ஸ் குடும்பத்துக்கு அந்த சொகுசு கிடைக்கலை. அவங்களோட கூட வந்தது சமையல் மட்டும்தான்.

அதே ஊரு, வேற கோழி

இப்ப சொல்லப் போறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கிளைக்கதை. நாஷ்வில்ல அதே 1960களில் கோழிப் பைத்தியம் பிடிச்சு ஆட்டுச்சு.

கர்னல் சாண்டர்ஸ் 1964ல் தன் கம்பெனியை 20 லட்சம் டாலருக்கு வித்தார். வாங்கினவங்கள்ல ஒருத்தர் ஜாக் மேசி, நாஷ்வில் தொழிலதிபர். கம்பெனி ராக்கெட் மாதிரி போச்சு. பார்த்துக்கிட்டிருந்த உள்ளூர்ப் பெருந்தலைகளுக்குக் கை அரிக்காதா? ஜான் ஜே ஹூக்கர்னு ஒரு வக்கீல், கவர்னர் தேர்தல்ல நின்ன அரசியல்வாதி. மின்னி பேர்ல்ங்கிற ஆப்ரி நகைச்சுவை நடிகையோட பேரைப் போட்டு ஒரு கோழிக் கம்பெனி ஆரம்பிச்சார். 1968ல் பங்குச்சந்தைக்கு வந்த முதல் நாளே பங்கு விலை இரட்டிப்பாச்சு. கிளை உரிமை ஓடுச்சு பாருங்க, கோழி பொரிக்க அடுப்பே வைக்காத கடைக்கெல்லாம் உரிமை வித்தாங்க. வித்த உரிமைக்கு வரவேண்டிய கட்டணத்தை எல்லாம் வருமானமா முன்கூட்டியே கணக்குல எழுதினாங்க. பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் உள்ள வந்து விசாரிச்சதும், 1970 வாக்குல எல்லாம் சரிஞ்சு போச்சு. நம்ம துறையில 2000ஆம் வருஷம் பாத்த டாட்காம் குமிழி, 30 வருஷம் முன்னாடியே கோழி எண்ணெயில பொரிஞ்சிருக்கு!

இதுல விசேஷம் என்னன்னா, அத்தனை கோடி டாலர் புரண்டப்பவும், அதே ஊர்ல ராத்திரி அடுப்பு எரிஞ்சிட்டிருந்த பிரின்ஸ் கடைக்கு எந்த வக்கீலும் வரலை. ஊர்லயே தனித்துவமான கோழி எதுன்னு கேட்டா அதுதான். ஆனா அது நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. பணத்துக்குக் கண் தெரியாத பக்கம்.

கோழியும் டாட்காமும் நிஜமாவே சந்திச்ச கதையும் ஒண்ணு உண்டு. ஜார்ஜ் மார்கனோட மகள் லாரி மார்கனும் பெரிய பாடகி. 2000களின் தொடக்கத்துல தன் அப்போதைய கணவர் சேமி கெர்ஷாவோட சேர்ந்து ஒரு ஓட்டல் திறந்தார். பேரு என்ன தெரியுமா? ஹாட்சிக்கன்ஸ்.காம். சத்தியமா! அதுவும் மூடியாச்சு.

ஆண்ட்ரே அம்மா வந்தாங்க

தார்ன்டனுக்கு அப்புறம் சகோதரர்கள், அவங்க வீட்டுக்காரங்கன்னு கை மாறி, 1980ல் கடை ஆண்ட்ரே பிரின்ஸ் ஜெஃப்ரீஸ் கைக்கு வந்துச்சு. தார்ன்டனுக்குப் பேத்தி முறை. விவாகரத்து ஆனவங்க, ரெண்டு பெண் குழந்தைகள், அரசாங்க வேலை. கடையை எடுத்து நடத்துன்னு அம்மா சொல்லி, ஒத்துக்கிட்டாங்க.

அவங்க பண்ண ரெண்டு மாற்றம் முக்கியம். ஒண்ணு, பேரு. பார்பிக்யூ விக்காத கடைக்கு எதுக்கு பார்பிக்யூன்னு பேரு? குடும்பப் பேரைப் போட்டு 'பிரின்ஸஸ்' ஆக்கினாங்க. ரெண்டாவது, காரத்துக்குப் படிநிலை. அதுவரைக்கும் ஒரே காரம்தான், வேணும்னா சாப்பிடு, இல்லைன்னா நடையைக் கட்டு. காரமே இல்லாததுல ஆரம்பிச்சு மைல்ட், மீடியம், ஹாட், அதுக்கு மேலன்னு படி கட்டினாங்க. பழைய ஆளுங்க விட்டுப் போகலை, புது ஆளுங்க பயப்படாம உள்ள வர முடிஞ்சுது. ஒரு பழைய சிஸ்டத்தை உடைக்காம அதுமேல ஒரு கான்ஃபிகரேஷன் ஆப்ஷன் வைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு நம்ம தொழில்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

1980களின் கடைசியில கடை யூயிங் டிரைவ்ல ஒரு சாதாரணக் கடை வரிசைக்கு மாறுச்சு. சுற்றுலாக்காரங்க தானா வந்து சேர்ற இடமில்லை. வெள்ளி, சனி ராத்திரி விடியக்காலை 4 மணி வரைக்கும் அங்க வியாபாரம் நடந்துச்சு.

பிரின்ஸ் கடையில சமையல்காரரா இருந்த போல்டன் போல்க், தனியாப் போய் கொலம்போஸ்னு கடை வச்சிருந்தார். அவரோட வழியில மருமகன் முறை போல்டன் மேத்யூஸ் 1997ல் மனைவி டாலியோட சேர்ந்து போல்டன்ஸ் கடையைத் திறந்தார். ஆக 2000 வரைக்கும் இது பெரும்பாலும் கறுப்பின வட்டாரத்துக்குள்ள, விரல் விட்டு எண்ணக்கூடிய கடைகள்ல இருந்த சாப்பாடு. எழுபது வருஷம் ஓடியும் ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது!

திடீர்னு எல்லாரும் கண்டுபிடிச்சாங்க

பில் பர்செல்னு ஒரு அரசியல்வாதி. பிரின்ஸ் கடையோட தீவிர பக்தர். 1990களில் மாநில சட்டமன்றத்துல இருந்தப்பவே இந்தக் கடையைப் புகழ்ந்து தீர்மானம் கொண்டு வந்தவர். 1999ல் மேயரானார். பதவி முடியற 2007ல், ஜூலை 4 சுதந்திர தினத்தன்னிக்கு ஹாட் சிக்கன் திருவிழாவை ஆரம்பிச்சு வச்சார். அப்புறம் பிடிச்சுது தீ.

2012ல் ஹேட்டி பீஸ்னு ஒரு கடை, பிஷப்ங்கிற வெள்ளைக்காரக் குடும்பத்தோடது. சுற்றுலாக்காரங்க சுலபமா வரக்கூடிய இடத்துல திறந்தாங்க. தெரு முனை வரைக்கும் வரிசை, அப்புறம் வேற ஊர்களுக்கும் கிளை. 2013ல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை பிரின்ஸ் கடைக்கு 'அமெரிக்காஸ் கிளாசிக்ஸ்' விருது கொடுத்துச்சு. அமெரிக்க சமையல் உலகத்துல அது பெரிய மரியாதை. 2016 ஜனவரியில நம்ம தாத்தா கம்பெனியே நாடு முழுக்க 'நாஷ்வில் ஹாட்' விக்க ஆரம்பிச்சுது. 2017ல் லாஸ் ஏஞ்சலஸ்ல நாலு நண்பர்கள் ஒரு பார்க்கிங் இடத்துல ஆரம்பிச்ச டேவ்ஸ் ஹாட் சிக்கன், 2025ல் சுமார் 100 கோடி டாலர் மதிப்புல கைமாறுச்சு.

100 கோடி டாலர்! கோபத்துல கொட்டின மிளகாய்ப்பொடிக்கு!

பிரின்ஸ் கடைக்கு அதே சமயத்துல என்ன நடந்துச்சு? 2016ல் நோலென்ஸ்வில் சாலையில ரெண்டாவது கடை திறந்தாங்க. 2018 டிசம்பர் கடைசியில யூயிங் டிரைவ் கடை வரிசையில ஒரு கார் வந்து மோதி தீப்பிடிச்சுது. கடை நாசம். முப்பது வருஷ இடம் போச்சு. மறுபடியும் சமையலை மட்டும் கையில எடுத்துக்கிட்டு நகர வேண்டிய நிலை. 2021ல் ஊருக்கு நடுவுல புதுசா கட்டின வளாகத்தோட உணவுக் கூடத்துல ஒரு கிளை வச்சாங்க. அந்த வளாகம் எங்க இருக்கு தெரியுமா? ரைமன் அரங்கத்துக்கு நேர் எதிர்ல. இந்தத் தடவை யாரும் பின்கட்டுக்குப் போக வேண்டியதில்லை.

என்னோட ரெண்டு பைசா

'பாவம், ஏமாந்துட்டாங்க'ன்னு சொல்றவங்க உண்டு. 'சமையலுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, யார் வேணா செய்யலாம்'னு சொல்றவங்களும் உண்டு. ரெண்டாவது கட்சி சொல்றது சட்டப்படி சரி. பொருள் பட்டியலுக்கு அமெரிக்காவுல காப்புரிமை கிடையாது. போல்டன் போல்க் தனிக்கடை போட்டதால சுவை பரவுச்சு, நல்லதுதான்.

ஆனா எங்க தொழில்ல ஓப்பன் சோர்ஸ்னு ஒண்ணு இருக்கு. யார் வேணா எடுத்துக்கலாம், மாத்தலாம், விக்கவும் செய்யலாம். பெரும்பாலான லைசென்ஸ்ல ஒரே ஒரு நிபந்தனை இருக்கும். மூலத்தை எழுதினவன் பேரை அழிக்காதே. 'நாஷ்வில் ஹாட்'ங்கிற பேர்ல ஊர் இருக்கு, குடும்பம் இல்லை. அந்த ஊர்தான் அந்தக் குடும்பத்தோட தெருவை இடிச்சு ரோடு போட்டுச்சு. பேர் கொடுக்கிற வேலையில மட்டும் ஊர் முன்னாடி வந்து நிக்குது. என் வருத்தம் காசு பத்தி இல்லை, இது பத்திதான்.

இதுல குடும்பத்துக்குள்ளயே ஒரு பாக்கி இருக்கு. முதல் கமிட் போட்ட அந்தப் பெண்மணி. தார்ன்டன் பேர் இருக்கு, சகோதரர்கள் பேர் இருக்கு. சட்டியைத் தூக்கினவங்க பேர் மட்டும் இல்லை. நியாயமாப் பார்த்தா அந்த 100 கோடியும் அவங்க கோபத்துக்குப் போட்ட வட்டி.

ஒண்ணே ஒண்ணு ஆறுதல். 1980லிருந்து அந்தக் கடையைத் தூக்கி நிறுத்தினதும், இன்னைக்கு உலகம் பார்க்கிற இடத்துக்குக் கொண்டு வந்ததும் ஒரு பெண். அந்தப் பேர் பதிவாயிடுச்சு, இனி அழியாது.

டிஸ்கி: நாஷ்வில் பக்கம் போறவங்க, 'நான் குண்டூர் மிளகாயே கடிச்சவன்'னு வீரம் பேசி மேல் படிக்குத் தாவாதீங்க. இந்தக் காரம் மேல பூசினது, நேரா நாக்குலதான் இறங்கும். மறுநாள் காலையில இன்னொரு தடவை ஞாபகப்படுத்தும். அதுக்கு மேல விளக்கம் கேக்காதீங்க :-)